ராத்திரியில் பூக்கிற செடி வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு, பின்பக்கம் இரண்டு சென்ட் இடம். அப்பா வைத்த சப்போட்டா, ஒரு கொய்யா, கிணற்றடியில் எலுமிச்சை. ராத்திரியில் பூக்கிற நிஷாகந்தி மட்டும் நாகர்கோவில் பெரியம்மா வீட்டிலிருந்து இலையாக வந்தது. பெயின்ட் வாளியில் நட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்தேன். மூன்று வருஷம் இலைக்கு மேல் இலை விட்டதே தவிர ஒரு மொட்டு கிடையாது, அந்த இலையும் வெளிறிப்போய்க் கிடந்தது. அப்புறம் மாடியில் இடம் போதாமல் சப்போட்டாவுக்குக் கீழே தள்ளி வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். மரத்துக்குள் புகுந்து வடிகிற வெயில்தான் அதற்கு வேண்டியிருந்தது போல, போன ஜூலையில் நான்கு மொட்டு.

மொட்டு முதலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கும். பூக்கிற அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தால் காம்பு வளைந்து மூக்கை மேலே தூக்கியிருக்கும். இது தெரியாமல் முதல் பூவைத் தூங்கித் தொலைத்தேன். காலையில் கழுத்தறுத்த கோழி மாதிரி தொங்கியது. இரண்டாவதை விடவில்லை, ஏழு மணிக்கே நாற்காலி போட்டாயிற்று. எட்டரைக்கு லேசாக வாய் திறந்தது, விரியும்போது இதழ் நடுங்குவது கண்ணுக்கே தெரிகிறது. நான் கையை நீட்டினேன், "தொடாத ட்டி, அது பாட்டுக்கு விரியட்டும்" என்று ஆச்சி ஒரு அதட்டல். பக்கத்து வீட்டு அக்கா பிரம்ம கமலம் என்று சூடத்தட்டோடு வந்துவிட்டார். நிஜ பிரம்ம கமலம் இமயமலையில் பூப்பது, உத்தராகண்டின் மாநிலப் பூ, இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை, சூடம் காட்டும்போது சொல்கிற விஷயமா அது.

பன்னிரண்டு மணி இருக்கும், தலைக்கு மேல் பொத்தென்று ஒரு சத்தம். டார்ச் அடித்தால் நாய்க்குட்டி முகத்தோடு ஒரு பழந்தின்னி வௌவால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எங்கள் சப்போட்டாவை நெஞ்சோடு அணைத்தபடி, எங்களைப் பார்த்துக்கொண்டே மெல்லுகிறது. சக்கையை ஆச்சி மடியில் துப்பிவிட்டுப் போனது.

⁂

ஆச்சியை நினைத்துச் சிரித்து முடியவில்லை அக்கா. நான் ஓசூர். மாடியில் பாதி டிரம்மில் டிராகன் பழம் வைத்திருக்கிறேன். அதுவும் கள்ளிதான், அதன் பூவும் ஒரே ஒரு ராத்திரிதான், பார்க்க உங்கள் நிஷாகந்தி மாதிரியே இருக்கும். முதல் வருஷம் பதினோரு பூ பூத்தது, எல்லாம் ஒரு வாரத்தில் மஞ்சளாகி உதிர்ந்தது. சில ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, பக்கத்தில் வேறு ரகம் பூத்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது இரண்டு ரகம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, மகளின் வாட்டர் கலர் பிரஷ்ஷால் இந்தப் பூவின் மகரந்தத்தை எடுத்து அந்தப் பூவின் சூல்முடியில் தடவுவேன். எதிர் வீட்டில் திருடன் என்று ஒருமுறை சத்தம் போட்டார்கள். அது போகட்டும், தடவின பூவெல்லாம் ஒரு மாதத்தில் பழம். 2021இல் குஜராத் அரசு இந்தப் பழத்துக்குக் கமலம் என்று பெயர் வைத்தது, ஆக உங்கள் கள்ளியும் கமலம், என் கள்ளியும் கமலம்.

⁂

எங்கள் வீட்டில் ராத்திரி ராணி வைக்கக்கூடாது, வாசனைக்குப் பாம்பு வரும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். வைத்தேன். பாம்பும் வந்தது! நல்ல நீளமான சாரை. மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் அது செடிப் பக்கமே போகவில்லை, நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போயிற்று. விழுந்த பழத்தை நாலு நாளாக அள்ளாமல் விட்டிருந்தோம், அதைத் தின்ன எலி, எலிக்குப் பாம்பு. இப்போது தினமும் பொழுது சாய்வதற்குள் மரத்தடியைப் பெருக்கிவிடுகிறேன், பாம்பு திரும்ப வரவில்லை. மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, விடியற்காலையில் பவளமல்லி பொறுக்கப் போகும்போது கையில் ஒரு கம்பு வைத்திருக்கிறார். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்றால் அது பவளமல்லிதான், அதனால் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டுப் படுப்போம், காலையில் வேட்டி முழுக்க வெள்ளையும் காவிக் காம்புமாக.

⁂

வேட்டி விரிப்பது நல்ல யோசனை. வௌவாலுக்கு வலை கட்டலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மெல்லிய நைலான் வலை வேண்டாம், சிறகு சிக்கிக்கொண்டு செத்துப்போகும். கைக்கு எட்டுகிற குலைக்குத் துணிப்பை கட்டுங்கள், எட்டாததை அதற்கே விட்டுவிடுங்கள். அது கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிபா வைரஸ் பயம் இருக்கிறது.

நிஷாகந்தி இலை கேட்டவர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறேன். வந்ததும் நட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள், தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்தால் போதும். பெரியம்மா முதலில் கொடுத்த இரண்டு இலையையும் நான் ஊற்றி ஊற்றித்தான் அழுகவைத்தேன்.