அநாதைப் பையன் கிடைத்தால்தான் உளவு நாவலா?

நூலகப்பூனை:
கோடை விடுமுறைக்குப் பையன் படிக்கட்டும் என்று அலெக்ஸ் ரைடர் நாவல்களை வாங்கி வைத்தேன். அவன் இரண்டாம் பாகத்தில் இருக்கிறான், நான் ஒன்பதாவதையும் முடித்துவிட்டேன்.

படிக்காதவர்களுக்காக: எழுதியவர் ஆன்டனி ஹோரோவிட்ஸ். முதல் பாகமான 'ஸ்டார்ம்பிரேக்கர்' 2000-இல் வந்தது. லண்டனில் அலெக்ஸ் என்ற 14 வயதுப் பையன், அப்பா அம்மா இல்லை, சித்தப்பாதான் வளர்க்கிறார். ஒரு நாள் ராத்திரி போலீஸ் வந்து, "கார் விபத்து, உங்கள் சித்தப்பா போய்விட்டார், சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை" என்கிறது. தெருமுனை வரை போவதற்கும் பெல்ட் மாட்டுகிற மனிதர் அவர். பையனுக்கு அங்கேதான் பொறி தட்டுகிறது. பழைய வண்டிகளை நசுக்கும் இடத்துக்குத் தேடிப் போய்ப் பார்த்தால் காரில் குண்டு பாய்ந்த ஓட்டைகள். சித்தப்பா வங்கி அதிகாரி இல்லை, பிரிட்டனின் உளவு அமைப்பான எம்.ஐ.6-இன் ஆள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதற்கு அடுத்த கட்டம். எம்.ஐ.6-இன் ஆலன் பிளண்ட் பையனை எதிரில் உட்கார வைத்து, சித்தப்பா விட்ட வேலையை நீ முடி என்கிறார். பையன் முடியாது என்கிறான். கோபப்படாமல் கணக்கு சொல்வது போலச் சொல்கிறார்: வீடு போய்விடும், உன்னை ஒரு விடுதியில் சேர்ப்போம், உன்னைப் பார்த்துக்கொள்ளும் ஜாக் என்ற அமெரிக்கப் பெண்ணின் விசா நீட்டிக்கப்படாது. அவ்வளவுதான், பையன் வேலைக்கு வந்துவிட்டான்.

பள்ளிகளுக்கு இலவசக் கம்ப்யூட்டர் கொடுத்து அதில் பெரியம்மைக் கிருமியை அனுப்பும் ஹெராட் சேல் அந்தக் கதையின் வில்லன் என்கிறார்கள். ஒன்பது பாகம் படித்த பிறகு என் கட்சி வேறு. வில்லன்கள் பாகத்துக்குப் பாகம் மாறுகிறார்கள், பிளண்ட் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறார். கேட்க ஆளில்லாத பிள்ளை என்பதால்தான் அவர் அவனைத் தேர்ந்தெடுத்தார். இது சாகசக் கதை வேஷம் போட்ட சோகக் கதை.

பழையபேப்பர்:
மேடம், கொஞ்சம் அதிகமாக யோசிக்கிறீர்களோ? எம்.ஐ.6 அலெக்ஸுக்குக் கொடுக்கும், பருவுக்குத் தடவும் களிம்பு இரும்பை அரிக்கிறது. யோயோ நூல் ஆளைத் தூக்குகிறது. இரண்டாம் பாகத்தில் இஸ்திரி போடும் பலகையைச் சறுக்குப் பலகை ஆக்கிக்கொண்டு பனி மலையிலிருந்து இறங்குகிறான். அந்த இடத்தில் வாசகனுக்குக் குழந்தை உரிமை ஞாபகம் வந்தால் நாவல் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

அநாதை என்பது எழுத்தாளருக்கு ஒரு வசதி, அவ்வளவே. அம்மா என்று ஒருத்தி இருந்தால், "எங்கடா கிளம்பிட்ட, சாப்பிட்டுட்டுப் போ" என்று முதல் அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடும். ஜேம்ஸ் பாண்டும் அநாதைதான், பெற்றோர் மலை ஏறும்போது விழுந்து இறந்தார்கள். அதற்காக பாண்ட் நாவல்களை யாராவது சோகக் கதை என்கிறார்களா?

கறுப்புடிஷர்ட்:
இந்த வகையைப் பற்றிப் பேசும்போது அலெக்ஸ் ரைடரோடு நின்றுவிடுவது நியாயமில்லை. ராபர்ட் மச்சமோர் எழுதிய செரப் வரிசையை யாரும் தொடவில்லையே? முதல் நாவல் 'தி ரெக்ரூட்', 2004. பத்து முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளை வைத்து ஓர் உளவு அமைப்பு. மாயக் களிம்பு கிடையாது, யோயோ கிடையாது. நூறு நாள் பயிற்சி, அதில் தோற்றால் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து. டி-ஷர்ட் நிறத்தைப் பார்த்தே யார் எந்தத் தகுதி என்று சொல்லிவிடலாம்: பயிற்சியில் வெளிர்நீலம், தேறினால் சாம்பல், அப்புறம் கடற்படை நீலம், உச்சியில் கறுப்பு. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

முக்கியமான வித்தியாசம், அங்கே எந்த மிஷனையும் பிள்ளை மறுக்கலாம். பிளண்ட் மாதிரி விசாவைக் காட்டி மிரட்டுவது இல்லை. நாயகன் ஜேம்ஸ் நல்ல பையனும் இல்லை. அவனுடைய அம்மா கடைத் திருட்டுக் கும்பலை வீட்டிலிருந்து நடத்தியவள். பையன் கொழுக்மொழுக்கென்று இருப்பான், கைநீட்டுவான், பொய் சொல்வான், காதலியை ஏமாற்றுவான். அப்படி ஒரு பையனை வகுப்பில் எனக்குத் தெரியும். அலெக்ஸை எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

நூலகப்பூனை:
செரப்பில் மறுக்கலாம், சரி. மறுத்தால் அந்தப் பிள்ளை போவதற்கு வீடு எங்கே இருக்கிறது? ஜேம்ஸையும் அம்மா செத்த பிறகு குழந்தைகள் இல்லத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். நல்ல படுக்கை, நல்ல சாப்பாடு, நண்பர்கள், எல்லாம் அந்த வளாகத்துக்குள்ளே. வெளியே ஒன்றும் இல்லை. பிளண்ட் வாயால் சொன்னதை இங்கே கட்டடம் சொல்கிறது.

பழையபேப்பர் சார், பாண்ட் பெரிய ஆள். சம்பளம் வாங்குகிறார், வேண்டாமென்றால் ராஜினாமா செய்யலாம். அலெக்ஸுக்குச் சம்பளமும் இல்லை, துப்பாக்கியும் கொடுக்க மாட்டார்கள். சின்னப் பையன் கையில் துப்பாக்கி கூடாதாம், ஆனால் சின்னப் பையனை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிற இடத்துக்கு அனுப்பலாம்!

மலைரயில்:
இதற்கெல்லாம் தாத்தா ஒருவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். கிப்ளிங்கின் 'கிம்', 1901. லாகூர் தெருவில் திரியும் ஐரிஷ் சிப்பாயின் மகன், அவனும் அநாதை. நதி ஒன்றைத் தேடி வரும் திபெத்திய லாமாவுக்குச் சீடனாகப் பின்னால் போகிறான். நடுவில் கர்னல் கிரைட்டன் அவனைப் பார்த்து, இந்தப் பையனை ரஷ்யர்களுக்கு எதிரான உளவு வேலைக்குப் பழக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்.

சாரணர் முகாமுக்குப் போனவர்களுக்கு ஒரு விளையாட்டு ஞாபகம் இருக்கும். தட்டில் சாவி, பொத்தான், பென்சில், காசு என்று இருபது சாமான் வைத்துத் துணியால் மூடுவார்கள். ஒரு நிமிடம் திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடி, எழுதச் சொல்வார்கள். எனக்குப் பதினாலுக்கு மேல் வந்ததே இல்லை. அது கிம் நாவலிலிருந்து எடுத்தது. சிம்லாவில் லர்கன் சாகிப் கடையில் ரத்தினக் கற்களை வைத்து அப்படிப் பழக்குவார், கடையில் இருக்கும் இந்துச் சிறுவனிடம் கிம் தோற்றுப்போவான். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதை அப்படியே அங்கே கொண்டுவந்தார். முகாமில் நாங்கள் விளையாட்டு என்று நினைத்து ஆடியது உளவாளிப் பயிற்சி!

நூலகப்பூனை சொல்வதற்கு அங்கேயே விடை இருக்கிறது. கிம்முக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஆண்டுக்கு 300 ரூபாய் ஃபீஸ் கட்டியது யார் தெரியுமா? கர்னல் இல்லை, பிச்சைப் பாத்திரத்தோடு நடக்கும் அந்த லாமா. படிக்க வைத்தவர் ஒருவர், பயன்படுத்திக்கொண்டவர் இன்னொருவர்.

பழையபேப்பர்:
கிம்மை இழுத்தால் நானும் எங்கள் ஆளை இழுப்பேன். 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அவரும் நிழற்படையின் உளவாளிதான். நாங்கள் யாரும், "அவர் ஏன் நம் வயதில் இல்லை?" என்று கேட்டதில்லை. பெரியவன் ஆனால் இப்படி ஆகலாம் என்று நினைத்துக்கொண்டோம், ஸ்விட்ச் போர்டில் விரலை வைக்கலாமா என்றும் யோசித்தோம் (யாரும் செய்யாதீர்கள்). பையன் படிப்பதற்குப் பையன்தான் ஹீரோவாக இருக்க வேண்டும் என்பது பதிப்பாளர் கண்டுபிடித்த விதி. அந்த விதியைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை எம்.ஐ.6-க்குள் நுழைக்க வேண்டும், அதற்கு ஒரு பிளண்ட் வேண்டும். நீங்கள் அதில் சோகத்தைப் பார்க்கிறீர்கள், நான் தச்சு வேலையைப் பார்க்கிறேன்.

வழக்குக்கட்டு:
இரண்டு தரப்பும் இதைக் கற்பனை என்றே வைத்துப் பேசுவதால் குறுக்கே வருகிறேன். பிரிட்டனில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ரகசியத் தகவலாளிகளாகப் பயன்படுத்தச் சட்டத்தில் இடம் உண்டு. 2018-இல் அனுமதிக் காலத்தை ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதமாக உயர்த்தியபோது நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் குழு ஒன்று கேள்வி எழுப்பியது, விஷயம் வெளியே வந்தது. குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது, 2019-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜனவரி 2015 முதல் டிசம்பர் 2018 வரை அப்படிப் பயன்படுத்தப்பட்டவர்கள் 17 பேர், அதில் ஒருவருக்கு வயது 15. 2021-இல் வந்த சட்டம், இவர்களைக் குற்றச் செயலில் ஈடுபட அனுமதிப்பது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே என்று கட்டுப்பாடு போட்டது.

இந்தப் பிள்ளைகள் ஆல்ப்ஸில் சறுக்கவில்லை. போதைப்பொருள் கும்பல் போன்ற இடங்களில் ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் இதற்குக் கிடைப்பார்கள். வெளியே இழுக்க வேண்டிய பிள்ளையை, இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருந்து தகவல் சொல் என்பது. வழக்கின் சாரமே அதுதான்.

பழையபேப்பர்:
இது எனக்குத் தெரியாது. ஆனாலும் நான்கு வருடத்தில் 17 பேர் என்றால் நாவல்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல முடியாதே. ஸ்டார்ம்பிரேக்கரைப் படித்துவிட்டு யாரும் அந்தச் சட்டத்தை எழுதவில்லை.

வழக்குக்கட்டு:
படித்துவிட்டு எழுதினார்கள் என்று நானும் சொல்லவில்லை. 'வசதிக்காக அநாதை' என்றீர்கள். வசதி யாருக்கு என்பதுதான் கேள்வி.

இரண்டாம்பெஞ்ச்:
நான் எட்டாம் வகுப்பில் இவற்றைப் படித்தவன், இப்போது கல்லூரி. அண்ணன்களும் அக்காக்களும் பேசுவதைப் பார்த்தால் நாங்கள் யோயோவை மட்டும் பார்த்தோம் என்று நினைப்பு போலிருக்கிறது. (ஸ்பாய்லர் உண்டு, தாண்டிப் போக வேண்டியவர்கள் போகலாம்.)

மூன்றாம் பாகம், 'ஸ்கெலிட்டன் கீ'. கியூபாவில் ஜெனரல் சரோவ். மகன் ஆப்கானிஸ்தான் போரில் செத்துவிட்டான். மூர்மன்ஸ்கில் அணுசக்தி நீர்மூழ்கிகளை வெடிக்க வைத்து ஐரோப்பாவையே நாசமாக்கத் திட்டம் போடுகிற ஆள், அலெக்ஸைத் தன் மகனாகத் தத்தெடுக்க ஆசைப்படுகிறார். அவனுக்கு அறை, சாப்பாடு எல்லாம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். கடைசியில் அலெக்ஸ் மறுக்கிறான், சரோவ் தன்னையே சுட்டுக்கொள்கிறார். பதின்மூன்று வயதில் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒரு மாதிரி இருந்தது. அவனை மகனாகப் பார்த்தது எதிரி, ஆயுதமாகப் பார்த்தது சொந்த நாடு. இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. இஸ்திரி பலகையையும் ரசித்தேன், இதுவும் உறைத்தது.

எனக்கு அந்த வரிசை மேல் இருக்கும் கோபம் வேறு. 2000-இலிருந்து 2011 வரை ஒன்பது நாவல், பையனுக்கு ஒரே ஒரு வயதுதான் கூடியிருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை உலகத்தைக் காப்பாற்றுவான்? செரப்பில் ஜேம்ஸ் 11 வயதில் வந்து வளர்ந்து, ஓய்வு பெற்று வெளியே போகிறான். அவன் உளவாளியாக இருக்கும் கடைசி நாவலில், சுனாமியில் அழிந்த தீவுக் கிராமங்களை புல்டோசர் விட்டு இடித்து ஓட்டல் கட்டும் கவர்னரின் குடும்பத்துக்குக் காவல் நிற்கச் சொல்கிறார்கள். தன் பக்கமே தப்பாக இருக்கலாம் என்று அவனுக்கு அங்கே புரிகிறது. அலெக்ஸுக்கு அப்படி வளர நேரமே கொடுக்கவில்லை.

அப்புறம் ஒன்பதாம் பாகத்தில் ஜாக் செத்துப்போகிறாள். அதற்கு அழுதேன். 2017-இல் இன்னொரு பாகம் வந்து, அவள் சாகவில்லை என்றார்கள். அழுத கண்ணீரைத் திருப்பித் தருவார்களா?

கறுப்புடிஷர்ட்:
தம்பி, முதலில் செரப் பக்கம் வந்ததற்கு நன்றி. இரண்டாவது, ஒன்பதாம் பாகத்தைச் சொல்லிவிட்டு "தாண்டிப் போகலாம்" என்றால் எப்படி? கண் அதற்குள் படித்துவிட்டது.

மலைரயில்:
வளர நேரம் கொடுக்கவில்லை என்பது நல்ல குறை. கிம்மை 17 வயது வரை கொண்டுபோகிறார் கிப்ளிங். ஆனால் லாமாவோடு போவானா, கர்னலோடு போவானா என்பதைக் கடைசிப் பக்கத்திலும் சொல்லாமல் விட்டுவிடுவார். அந்த இடத்தை இப்போதைய எழுத்தாளர்கள் விட மாட்டார்கள், அடுத்த பாகம் விற்க வேண்டுமே.

பழையபேப்பர்:
இரண்டாம்பெஞ்ச் தம்பி சரோவைச் சொன்னதில் எனக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. நான் இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியவன். மூன்றாவதைப் படித்துவிட்டு வருகிறேன். தச்சு வேலை என்றதை வாபஸ் வாங்கவில்லை, நல்ல தச்சர் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறேன்.

நூலகப்பூனை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பையன் ஐந்தாம் பாகம் 'ஸ்கார்பியா' வரை வந்துவிட்டான். அதன் முடிவு தெரிந்தவர்களுக்குத் தெரியும்: வேலையெல்லாம் முடித்து எம்.ஐ.6 கட்டடத்தை விட்டு வெளியே வருகிற அலெக்ஸை எதிர்க் கூரையிலிருந்து ஒருவன் சுடுகிறான். தெருவில் விழுகிறான், நாவல் முடிகிறது. 2004-இல் படித்தவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஆறாவது பாகம் அலமாரியில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ராத்திரி பதினோரு மணிக்குப் புத்தகத்தில் விரலைச் சொருகியபடி என் அறைக்கு வந்தான். செத்துவிட்டானா என்று கேட்பான், பிளண்டைப் பற்றி ஏதாவது கேட்பான், இங்கே எழுதலாம் என்று நானும் தயாராக இருந்தேன். அவன் கேட்டது: "அம்மா, இவன் செத்துட்டா ஜாக்கோட விசாவை யார் பார்ப்பாங்க?"