'குரோத்-ஃப்ரெண்ட்லி' முதுகெலும்பு அறுவைக்குத் தமிழ்ச்சொல்: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குழந்தையின் முதுகு வளைவை அடக்கிக்கொண்டே முதுகெலும்பின் வளர்ச்சிக்கும் வழிவிடும் 'குரோத்-ஃப்ரெண்ட்லி' (growth-friendly) முதுகெலும்பு அறுவைக்கு வளர்ச்சி நட்பு அறுவை, வளர்ச்சி காப்பு அறுவை, நீட்டறுவை என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நரம்புத்தசை நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும் பணியில் இருப்பதால், இம்மூன்றையும் அதன் வரிகளில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் பொருந்தவில்லை. 'முதுகெலும்பை வளரவிடும் அறுவை' என்பதே என் முன்மொழிவு.

சொல்லை எடைபோடுமுன் அறுவையின் நோக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். பெருமூளை வாதம், தண்டுவடத் தசைநலிவு போன்ற நோய்களில் உடலை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன, அல்லது இருபுறமும் சமமின்றி இழுக்கின்றன. முதுகெலும்பு ஒரே நீண்ட வில்லாக வளைகிறது. இடுப்பெலும்பும் ஒருபக்கம் மேலேறிக்கொள்கிறது. அந்த நிலையில் உட்காரும் குழந்தை, சாய்ந்து விழாமலிருக்க ஒரு கையை இருக்கையில் ஊன்றிக்கொள்கிறது. சோறு எடுக்கவும் பொம்மையைப் பிடிக்கவும் மிஞ்சுவது மற்றொரு கைதான். எடை முழுவதும் ஒரு பிட்டத்தில் இறங்குவதால் அங்கே தோல் சிவந்து, நாளடைவில் புண்ணாகிறது.

வளர்ந்து முடிந்த பிள்ளையென்றால், முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இணைவறுவையே வழக்கமான தீர்வு. ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளில் மார்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பிலிருந்து இடுப்புவரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. வளர்கிறது, அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. அந்த வயதில் எலும்புகளை இணைத்துவிட்டால் இணைத்த பகுதி அங்கேயே நின்றுவிடும். நெஞ்சுக்கூடும் குட்டையாகவே நிற்கும். நுரையீரலின் காற்றறைகள் மிகுதியாகப் பெருகுவதும் இதே ஆண்டுகளில்தான் என்பதால், நேராக்கிய முதுகுக்குள் மூச்சுக்குப் போதிய இடமில்லாமல் போய்விடக்கூடும். எனவே வளைவை அடக்கிக்கொண்டே வளர்ச்சிக்கு வழிவிடும் அறுவைகள் தோன்றின.

இவற்றை அமெரிக்கக் குழந்தை எலும்பு மருத்துவர் டேவிட் ஸ்காக்ஸ் குழுவினர் 2014இல் மூன்றாக வகுத்தனர். முதல்வகையில், மேலும் கீழும் எலும்பில் பிடிமானம் அமைத்து, இடையிலுள்ள கம்பியை அவ்வப்போது நீட்டுகிறார்கள். மரபான கம்பிகளுக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துத் தோலைத் திறக்க வேண்டியிருந்தது. 2012இல் ஹாங்காங் மருத்துவர்கள் வெளியிட்ட காந்தக் கம்பியை, தோலைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் நீட்ட முடிந்தது. இரண்டாம் வகை, வளைவின் புடைத்த பக்கத்தின் வளர்ச்சியை நெருக்கிக் குறைப்பது. மூன்றாம் வகையில் யாரும் எதையும் நீட்டுவதில்லை: ஷில்லா முறையில் வளைவின் உச்சிப்பகுதியை மட்டும் இணைத்துவிட்டு, மேலும் கீழும் உள்ள திருகுகள் குழந்தை வளர வளரக் கம்பியின்மீது வழுக்கிச் செல்லும்படி விடுகிறார்கள்.

இதிலிருந்தே 'நீட்டறுவை' விலகிவிடுகிறது. அது முதல்வகைக்கு மட்டுமே உரியது. அந்தக் கம்பிக்கு வேண்டுமானால் 'நீட்டுகம்பி' என்பது மிகப் பொருத்தமான பெயர். 'வளரும் கம்பி' என்று சிலர் எழுதுவதைத் தவிர்க்கலாம். கம்பி வளர்வதில்லை, வளர்வது குழந்தை.

'வளர்ச்சி காப்பு' அழகான சொல்தான். என் தயக்கம் அது தரும் உறுதிமொழியைப் பற்றியது. நீட்டுகம்பி வைத்த முதுகிலும் காலப்போக்கில் எலும்புகள் தாமாகவே ஒட்டிக்கொள்வதுண்டு. ஒவ்வொரு நீட்டலிலும் கிடைக்கும் நீளம் முந்தையதைவிடக் குறைந்துகொண்டே வரும். நரம்புத்தசை நோயுள்ள குழந்தைகளுக்குத் தொற்றும் பிடிமானம் கழல்வதும் கூடுதல் ஆபத்துகள். வளர்ச்சி காக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் படித்துக் கையெழுத்திட்ட தாய்க்கு, மூன்றாண்டுகள் கழித்து நாம் என்ன விளக்கம் சொல்வோம்? 'வளரவிடும்' என்பதில் அந்த வாக்குறுதி இல்லை. தடுக்காமல் இடம்விடுகிறோம் என்ற அளவோடு அது நின்றுகொள்கிறது. 'வளர்ச்சி நட்பு' பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு அது எதையும் உணர்த்தாது.

'வளரவிடும் அறுவை' என்று சுருக்கினால் போதாதா என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். போதாது என்றே நினைக்கிறேன். வளைவையும் 'வளர்கிறது' என்றே பெற்றோர் சொல்வதால், எதை வளரவிடுகிறார்கள் என்ற ஐயம் எழும். 'முதுகெலும்பை' என்ற இரண்டாம் வேற்றுமைச் சொல் நீளத்தைக் கூட்டினாலும் அந்த ஐயத்தைப் போக்கிவிடுகிறது.

நரம்புத்தசை நோயால் வரும் இந்த முதுகு வளைவுக்கு (நியூரோமஸ்குலர் ஸ்கோலியோசிஸ்) 'நரம்புத்தசை நோய்வழிப் பக்கவளைவு' எனலாம். முள்ளெலும்புகள் பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கின்றன; அந்த முறுக்கத்தை இச்சொல் காட்டவில்லை என்ற குறையை ஏற்கிறேன். 'கூன்' மட்டும் வேண்டாம். அது பின்புறம் புடைக்கும் வேறொரு வளைவைக் குறிக்கிறது. குழந்தைகளை இழிவுபடுத்தவும் பயன்பட்ட சொல் அது.

முதுகெலும்பா, முதுகுத்தண்டா என்பதிலும் கவனம் தேவை. பேச்சில் 'முதுகுத்தண்டு' எலும்பையும் குறிக்கிறது, உள்ளே செல்லும் நரம்புவடத்தையும் குறிக்கிறது. தண்டுவடத் தசைநலிவுக்கான நுசினெர்சென் மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் ஊசிவழி செலுத்துகிறார்கள். அந்த ஊசி நுழைவதற்காகக் கீழ்முதுகில் எலும்பை மூடாமல் ஓர் இடைவெளியை அறுவையின்போதே விட்டுவைப்பதுண்டு. ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுத வேண்டியிருக்கும்போது, எலும்புக்கு 'முதுகெலும்பு', வடத்துக்கு 'தண்டுவடம்' என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. முள்ளந்தண்டு, முண்ணாண் என்ற இலங்கைப் பாடநூல் வழக்கு இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகத் தெளிவாகக் காத்துவருகிறது; இலங்கைப் பதிப்புக்கு அவற்றையே வைக்கலாம்.

எலும்புகள் தாமாக ஒட்டிக்கொள்வதற்குத் 'தன்னிணைவு' என்று எழுதிவைத்திருக்கிறேன். நெருக்கும் வகைக்கும் வழுக்கும் வகைக்கும் இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை; எலும்பு மருத்துவத்தில் பழக்கமுள்ளவர்கள் முன்மொழிய வேண்டுகிறேன்.