மார்பக இம்ப்ளான்ட்: 250 சிசியா, 300 சிசியா?

தோழிகளே, வேளச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடித்தபின் மார்பு வற்றிச் சுருங்கிவிட்டது. நன்றாக யோசித்துத்தான் இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொள்ள முடிவெடுத்திருக்கிறேன். எனக்காகத்தான். அதனால் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை விட்டுவிட்டு, அளவு விஷயத்தில் மட்டும் உதவுங்கள்.

இதற்கு பிரா சைஸ் கணக்கு உதவாது, எல்லாம் சிசிதான் (கன சென்டிமீட்டர்; ஒரு சிசி என்றால் ஒரு மில்லி). டாக்டர் மார்பின் அடிப்பக்க அகலத்தை அளந்தார்: பதினொன்றரை சென்டிமீட்டர். இம்ப்ளான்ட் அதைவிட அகலமாக இருந்தால் அக்குள் பக்கம் பிதுங்குமாம். தோலையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். நான் ஒல்லி, 5 அடி 2 அங்குலம், தோலுக்கடியில் சதை குறைவு. ரொம்பப் பெரிதாக வைத்தால் ஓரம் கையில் தட்டுப்படும், கனத்தில் நாளடைவில் தொங்கவும் செய்யும் என்றார். 250 முதல் 300 வரை சரிப்படுமாம்.

வீட்டில் பழைய சாக்ஸில் 250 மில்லி அரிசி அளந்து கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு சமைத்தேன், மாடிப்படி ஏறினேன். உறுத்தவே இல்லை. 300 வைத்தால் குர்தி நெஞ்சில் பிடிக்கிறது, ஆனால் கண்ணாடியில் அதுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது. அங்கேதான் குழப்பம்.

என் உடல்வாகில் இருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இம்ப்ளான்டை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு நினைத்ததைவிடச் சின்னதாகத் தெரிந்ததா? அப்புறம், இந்தச் சென்னை வெயிலில் சர்ஜரிக்குப் பிறகு போடும் இறுக்கமான பிராவை எப்படிச் சமாளித்தீர்கள்? பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.