ஸ்டில்ட் + 4 மாடி சைட்: பெல்ட் வாங்கியாச்சு, யாரும் மாட்டுறதில்லை. 45 நிமிஷப் பயிற்சியில் எதைச் சொல்றது?

கோவை_சைட்

வணக்கம். கோயம்புத்தூரில் ஸ்டில்ட் (கீழே தூண் மட்டும் நிக்குற பார்க்கிங் தளம்) + 4 அடுக்குமாடி வேலை நடக்குது. மாடி உயரம் 3 மீட்டர். இரண்டாவது ஸ்லாப் கான்கிரீட் முடிஞ்சு, மூணாவதுக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற தற்காலிகத் தட்டு) ஏறுது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுறவங்க, சென்ட்ரிங் டீம் எல்லாம் சேர்த்து 42 பேர். அதில் பாதிப் பேர் பீகார், ஒடிசா.

ஃபுல் பாடி ஹார்னஸ் (உடம்பு முழுக்க மாட்டுற பெல்ட்) 20 வாங்கி வெச்சிருக்கோம். விழும்போது அதிர்ச்சியைக் குறைக்கிற ஷாக் அப்சார்பரோட 1.8 மீட்டர் லேன்யார்டு (முனையில் கொக்கி வெச்ச கயிறு). போட்டுக்கிறாங்க, ஆனா கொக்கியைத் தோள்லேயே தொங்கவிட்டுட்டு வேலை பார்க்குறாங்க. கேட்டா, "எங்கே சார் மாட்டுறது?"ன்னு திருப்பிக் கேட்குறாங்க. ஸ்லாப் ஓரத்தில் நின்னு பார்த்தா எனக்கும் பதில் தெரியலை. காலம் (தூண்) மேல நீட்டிக்கிட்டு நிக்குற தலைக்கம்பியில் மாட்டச் சொல்லலாமா?

வர்ற திங்கட்கிழமை காலையில் 45 நிமிஷம் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கு. எதை முதல்ல சொல்லணும், எதை விடலாம்?

உயரப்பணி

அந்தத் தொழிலாளி கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தயாரான பிறகு பயிற்சியை வையுங்கள். மாட்ட இடமில்லாத பெல்ட்டைப் பற்றி எத்தனை முறை வகுப்பு எடுத்தாலும் பயனில்லை.

தலைக்கம்பியில் மாட்டவே கூடாது. கம்பியின் மேல்முனை திறந்தே இருக்கிறது. ஆள் சரியும்போது கம்பி வளையும், கொக்கி வழுக்கி மேலே கழன்று வந்துவிடும். மாட்டும் இடம் ஒரு ஆளுக்குக் குறைந்தது 12 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். ஏறத்தாழ 1,200 கிலோவைத் தொங்கவிட்டாலும் அசையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 22 கிலோநியூட்டன் கேட்கிறது. உங்கள் சைட்டில் அந்த வலு உள்ளது, ஷட்டர் (அச்சுப் பலகை) பிரித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன கான்கிரீட் காலம் மட்டும்தான். அதைச் சுற்றி வெப்பிங் ஸ்லிங் (பட்டை வளையம்) போட்டு அதில் மாட்டலாம். காலத்தின் நான்கு மூலையிலும் சாக்குத் துணி வையுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் முனையே ஸ்லிங்கை அறுத்துவிடும்.

அடுத்து, கீழே எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு. பலர் தவறவிடுவது இதைத்தான். கொக்கியைக் கால் மட்டத்தில் மாட்டியிருக்கிறார் என்று வையுங்கள். லேன்யார்டு 1.8 மீட்டர். ஷாக் அப்சார்பர் கிழிந்து விரிவது 1.75 மீட்டர் வரை. முதுகு வளையத்திலிருந்து கால் வரை 1.5 மீட்டர். பாதுகாப்புக்கு இன்னும் 1 மீட்டர். மொத்தம் 6.05 மீட்டர். உங்கள் முதல் ஸ்லாப் தரையிலிருந்து 3 மீட்டர்தான். அங்கிருந்து விழுபவர், பெல்ட் மாட்டியிருந்தாலும், கயிறு இறுகுவதற்கு முன்பே தரையில் மோதிவிடுவார். இரண்டாவது ஸ்லாப்பிலும் கணக்கு இடிக்கிறது. கீழே சாரக்குழாயோ செங்கல் அடுக்கோ இருந்தால் முடிந்தது.

கால் மட்டத்தில் மாட்டுவதில் இன்னொரு கோளாறு உண்டு. அப்சார்பர் வேலை செய்யத் தொடங்கும் முன்பே ஆள் 3.3 மீட்டர் விழுந்திருப்பார் (1.5 + 1.8). லேபிளைப் பாருங்கள், பல லேன்யார்டுகள் 1.8 மீட்டர் விழுகைக்குத்தான் செய்யப்பட்டவை.

அதனால் ஸ்லாப் ஓரத்துக்கு என் பரிந்துரை: விழுந்தபின் பிடிக்கும் கயிறு வேண்டாம், ஓரத்துக்கே போகவிடாத கயிறு போதும். ஓரத்திலிருந்து 3 மீட்டர் உள்ளே இருக்கும் காலத்தில் ஸ்லிங், அதிலிருந்து மொத்தம் 2 மீட்டர் கயிறு. ஓரத்துக்கு ஒரு மீட்டர் முன்பே இறுகிவிடும். விழுவதற்கே வழியில்லை.

அதைவிட நல்லது கைப்பிடி வேலி. மேல்குழாய் 1 முதல் 1.1 மீட்டர் உயரத்தில், அதற்குப் பாதியில் நடுக்குழாய், கீழே 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கால்பலகை. கம்பங்கள் 2 மீட்டருக்கு ஒன்று. மேல்குழாய் 90 கிலோ தள்ளு தாங்கணும். சிவப்பு வெள்ளை டேப் கட்டுவது வேலி ஆகாது. வேலி இருந்தால் 42 பேரும் காப்பாற்றப்படுகிறார்கள், பெல்ட் என்றால் அன்றைக்கு நினைவாக மாட்டியவர் மட்டும்.

மூன்றாவது ஸ்லாப்புக்கு இன்னும் கான்கிரீட் போடவில்லை அல்லவா? இப்போதே ஓரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, கம்பம் நுழையும் அளவுள்ள துண்டுக் குழாய்களை 2 மீட்டருக்கு ஒன்றாக நிறுத்திவிடுங்கள். வாயை டேப் போட்டு அடைத்துவிடுங்கள், சிமென்ட் பால் இறங்கக் கூடாது. கான்கிரீட் ஆன மறுநாளே கம்பத்தைச் செருகி வேலி முடித்துவிடலாம். ஏற்கெனவே போட்ட ஸ்லாப்புகளுக்கு ஓரத்தைக் கவ்வும் கிளாம்ப் கம்பங்கள் வாடகைக்குக் கிடைக்கும்.

சாரம்_கட்டுறவன்

தம்பி, மேலே சொன்னது அத்தனையும் சரி. கொக்கியைப் பத்தி ஒண்ணு சேர்த்துக்கிறேன்.

உங்க லேன்யார்டு முனையில என்ன கொக்கி இருக்குன்னு பாருங்க. சின்ன கேரபைனரா இருந்தா வாய் 18, 20 மில்லிமீட்டர்தான் திறக்கும். சாரக்குழாயை 40 என்பின்னு (பேரளவுக்கு உள்விட்டம்) வாங்குறோம், ஆனா வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். வாய் நுழையாது. அப்போ ஆள் என்ன பண்ணுவான்? குழாய்ல சுத்தியிருக்கிற கட்டுக்கம்பியில மாட்டுவான், இல்லேன்னா குழாய்களை இணைக்கிற கப்ளர் போல்ட்டில் மாட்டுவான். தூரத்துல நின்னு பார்க்கிற சூப்பர்வைசருக்கு "மாட்டியிருக்கான்"னு தெரியும். கட்டுக்கம்பி ஆளைத் தாங்குமா? சாரத்துக்குப் பெரிய ஹூக் வெச்ச இரட்டை லேன்யார்டு வேணும், 50 மில்லிமீட்டருக்கு மேல வாய் திறக்கிறது. ஒண்ணை மாட்டிட்டுத்தான் இன்னொண்ணைக் கழட்டணும். நகரும்போதும் ஒரு கொக்கி எப்பவும் மாட்டியே இருக்கும்.

பழகணும்னா தரையிலேயே இடுப்பு உயரத்துல 10 மீட்டருக்கு ஒரு குழாய் கட்டி, நடுவுல மூணு நிலைக்குழாய் வெச்சு, ஒவ்வொருத்தரையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொக்கி மாத்தி மாத்திப் போக விடுங்க. கையுறையோட. ரெண்டு தடவை போனா கை பழகிடும். இதுக்கு இந்தியும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

சென்ட்ரிங்ல விழறது பெரும்பாலும் ஓரத்துல இல்லை, ஷீட் மேலதான். 3க்கு 2 அடி ஷீட்டை ஸ்பேன் (நீட்டிக் குறைக்கிற இரும்புத் தாங்கி) மேல அடுக்கிக்கிட்டே போறாங்க. ஷீட்டோட ஒரு ஓரம் ஸ்பேன்ல சரியாப் படியாம வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த நீட்டல்ல கால் வெச்சா மறுபக்கம் தூக்கும், ஆளும் ஷீட்டும் சேர்ந்து கீழே போகும். ஒவ்வொரு ஷீட்டையும் வெச்ச உடனே நாலு மூலையும் படிஞ்சிருக்கான்னு கையால அழுத்திப் பார்த்துட்டுத்தான் அடுத்த ஷீட் வாங்கணும். ஷட்டரிங் ஆயிலைத் தேங்குற அளவுக்கு ஊத்துறதும் தப்பு, துணியில தொட்டு மெல்லிசாத் தடவினாப் போதும். மழைத் தூறல் பட்ட ஆயில் ஷீட்டில் செருப்புக் கால் நிக்கவே நிக்காது.

பிரிக்கிறப்ப அவசரம் வேண்டாம். ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் தரவிதி) கணக்குப்படி சாதாரண சிமென்ட்டுக்கு ஸ்லாப் முட்டு, தாங்குற இடங்களுக்கு நடுவுல 4.5 மீட்டர் வரைக்கும் 7 நாள், அதுக்கு மேல 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, மேல போனா 21. ஜாக்கி (முட்டுக் குழாய்) வாடகையை மிச்சம் பண்றேன்னு மேஸ்திரி முன்னாடியே கழட்ட வந்தா தேதியைக் காட்டி நிறுத்துங்க. காலங்களுக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு பகுதியிலும் கான்கிரீட் போட்ட தேதியைக் காலத்துல பெயின்ட்டால எழுதி வெச்சிட்டா வாக்குவாதமே வராது.

மின்_மேற்பார்வை

ஓரத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ஸ்லாப் நடுவில் இருக்கும் ஓட்டைகளை மறக்காதீர்கள்: லிஃப்ட் குழி, பிளம்பிங் டக்ட் (குழாய் இறங்கும் திறப்பு), மெட்டீரியல் ஏற்ற விட்ட திறப்பு.

ஓட்டை மேல் ஒரு ப்ளைவுட்டைப் போட்டுவிட்டால் மூடியாகிவிட்டது என்று நினைக்கிறோம். நாலு நாள் கழித்து யாருக்கோ ப்ளைவுட் தேவைப்படும். இரண்டு பேர் தூக்குவார்கள். முன்னால் பிடித்தவர் நடக்கத் தொடங்குவார். பின்னால் பிடித்தவருக்குப் பலகை கண்ணை மறைக்கிறது, ஓட்டை அவர் காலடியில் இருக்கிறது. அப்படியே உள்ளே போய்விடுவார்.

அதனால் 18 மில்லிமீட்டர் ப்ளை, அடியில் ஓட்டையின் உள்ளளவுக்கு ரீப்பர் (மரச் சட்டம்) அடித்து நகராமல் செய்யணும், நான்கு பக்கமும் கான்கிரீட் ஆணி. மேலே சிவப்பு பெயின்ட்டில் "குழி - எடுக்காதே" என்று தமிழிலும் இந்தியிலும். சின்ன டக்ட்டுகளில் ஸ்லாப் கம்பியை வெட்டாமல் அப்படியே குறுக்கே விட்டு, ஓட்டையில் மட்டும் கான்கிரீட் போடாமல் விட்டால் இன்னும் நல்லது. பைப் இறக்கும் நாளில் வெட்டிக்கொள்ளலாம், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். லிஃப்ட் வாசலுக்கு ஒரு மீட்டர் உயரக் கம்பிக் கதவு, காலத்தில் போல்ட் போட்டு.

வைப்ரேட்டர், கட்டிங் மெஷின் எல்லாமே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரணும். தினமும் காலையில் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கு அந்த போர்டில் வேலை இல்லை. சின்ன ஷாக் கூட ஓரத்தில் நிற்பவரைக் கீழே தள்ளிவிடும்.

கோவை_சைட்

ரொம்ப நன்றி. துண்டுக் குழாய் விஷயம் இன்னைக்கே சென்ட்ரிங் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். இரண்டு சந்தேகம். காலத்துக்குக் காலம் ஒயர் ரோப் இழுத்துக் கட்டி, அதில் நாலு பேர் மாட்டிக்கலாமா? அப்புறம், ஒருத்தர் விழுந்து பெல்ட்டில் தொங்குறார்னா அடுத்து என்ன செய்யணும்?

உயரப்பணி

ஒயர் ரோப்பை வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் ஆபத்து. கயிறு தொய்வில்லாமல் இருக்க இருக்க, நடுவில் விழும் சுமை இரு முனைகளிலும் பல மடங்காகும். இரு பக்கமும் 5 டிகிரி மட்டுமே தொய்வு என்றால், ஒருவர் விழும்போது வரும் 6 கிலோநியூட்டன், முனைகளில் 34 கிலோநியூட்டன் ஆகிறது. தொய்வு விட்டால் ஆள் விழும் தூரம் கூடும், மேலே சொன்ன 6 மீட்டர் கணக்கு மாறும். அதனால் இதைக் கண்ணளவில் கட்டாதீர்கள், கணக்குப் போட்டு வரும் ரெடிமேட் லைஃப்லைன் செட் வாங்குங்கள். எத்தனை பேர் என்று அதன் லேபிளிலேயே இருக்கும், அதற்கு மேல் ஒருவர்கூட கூடாது. எங்கே ஒயர் ரோப் முனை கட்டினாலும் மூன்று கிளிப் போடுங்கள். சேணப் பகுதி சுமை ஏறும் நீளக் கயிறு மேல் உட்காரணும், யு போல்ட் வெட்டுமுனைப் பக்கம். மாற்றிப் போட்டால் யு போல்ட் சுமைக் கயிற்றையே நசுக்கிவிடும்.

தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்கணும். தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அசையாமல் தொங்கினால் மயக்கம் வரும். நினைவோடு இருந்தால் கால்களை ஆட்டச் சொல்லுங்கள், கயிற்றில் வளையம் போட்டு இறக்கினால் அதில் மிதித்து நிற்கலாம். எந்த ஏணி, எங்கே இருக்கிறது, யார் இரண்டு பேர் கொண்டு வருவது என்பது முன்கூட்டியே முடிவாகணும். ஒருவர் 108க்கு அழைக்கணும், ஒருவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸை உள்ளே கூட்டி வரணும். விழுந்து தாங்கிய ஹார்னஸ், லேன்யார்டு இரண்டையும் வெட்டிப் போட்டுவிடுங்கள், வெளியே நல்லா இருக்கிற மாதிரி தெரிந்தாலும் சரி.

45 நிமிடத்தை ஒரே மூச்சாக வைக்காமல் 15 நிமிடமாக மூன்று நாள் வையுங்கள், ஒரு தடவைக்கு 14 பேர். முதல் நாள் ஹார்னஸ் போடுவது: முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையணும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. போடும்முன் பட்டையை யு மாதிரி வளைத்துத் தையலைப் பார்க்கணும். வெல்டிங் பொறி பட்ட ஓட்டை, அறுந்த நூல், கட்டியாக ஒட்டிய சிமென்ட் இருந்தால் ஒதுக்கிவிடணும். இரண்டாம் நாள் கொக்கி மாற்றும் பழக்கம், அண்ணன் சொன்ன குழாயில். மூன்றாம் நாள் ஸ்லாப்பையே சுற்றிக் காட்டுங்கள்: எந்த மூடியைத் தொடக் கூடாது, எந்த ஸ்லிங்கில் எந்த டீம் மாட்டணும், மீட்பு ஏணி எங்கே. இந்தி பேசுபவர்களுக்கு அவர்கள் டீமிலேயே ஒருவரைப் பேச விடுங்கள். பேசி முடித்ததும் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பாமல், ஒவ்வொருவரையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சாரம்_கட்டுறவன்

ஏணியையும் அந்தச் சுற்றுலயே காட்டிடுங்க தம்பி. 4 மீட்டர் உயரத்துக்கு அடி 1 மீட்டர் தள்ளி இருக்கணும், தலை ஸ்லாப்புக்கு மேல 1 மீட்டர் நீட்டிக்கிட்டு இருக்கணும், மேல கயிறு போட்டுக் கட்டியிருக்கணும். சித்தாள்கள் தலையில சட்டியோட ஏணியில ஏறுறதை நிறுத்திட்டு, பொருளுக்குத் தனியா கப்பி வெச்சிடுங்க.