சுடச்சுட இறால் வடையாம்!

வெள்ளவத்தையான்:
கனடாவில் இருக்கும் ஒருவர் தன் சிநேகிதர்களுக்காக ‘கொழும்பில் ஒரு நாள்’ என்று ஒரு குறிப்பு எழுதி நேற்று இங்கே போட்டிருக்கிறார். காலையில் கங்காராமை விகாரை, மத்தியானம் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக் கடையில் நண்டு, பின்னேரம் கடலோரக் காலிமுகத்திடலில் ‘சுடச்சுடப் பொரித்த இறால் வடை’, இரவு கொத்துரொட்டி, அப்புறம் எயார்போர்ட். புறக்கோட்டைக் கடைத்தெருப் பக்கம் போகவே வேண்டாமாம், சனம் கூடவாம். ‘அசல் கொழும்பு இவ்வளவுதான்’ என்று முடித்திருக்கிறார்.

மற்றதை விடுங்கள். சுடச்சுட இறால் வடை எந்த வண்டியில் கிடைத்தது என்று மட்டும் அவர் சொல்லட்டும். அந்த வண்டிகளில் வடையை முதலே பொரித்து, இறால் வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டால் ஒன்றை எடுத்துத் தாளில் வைத்து, வெங்காயம் தூவி மிளகாய்ச் சோஸ் ஊற்றித் தருவார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அடுக்கி வைத்த வடை சுடச்சுடத் தெரிவதற்கு டொலர் கண்ணாடி போட வேண்டும்போல.

பனிப்புயல்:
அண்ணை, அதை எழுதினது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். போன முறை வந்தபோது, சூரியன் இறங்குகிற நேரம், தாச்சியிலிருந்து எடுத்துத்தான் தந்தார்கள். கை சுட்டது. மகள் ஊதி ஊதித்தான் சாப்பிட்டாள். வெள்ளவத்தை மாடி வீட்டில் இருந்துகொண்டு காலிமுகத்திடல் வடையின் சூட்டை எப்படி அளக்கிறீர்கள்?

வெள்ளவத்தையான்:
தாச்சியிலிருந்து எடுத்தது வேறு, தாச்சியில் பொரித்தது வேறு, தம்பி. ஆறின வடையைத் திரும்ப எண்ணெயில் ஒரு முக்கு முக்கினாலும் கை சுடும். மாவைக் கையில் தட்டி, அதன்மேல் இறாலை அழுத்தி, எண்ணெயில் போட்டதை நீர் கண்டீரா? ஆம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

பனிப்புயல்:
சனம் சுற்றி நின்றது. எட்டிப் பார்க்க முடியவில்லை.

வெள்ளவத்தையான்:
ஆக, காணவில்லை.

மருதானை நானா:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. வடை சூடா ஆறினதா என்று நிற்கிறீங்களே, ‘புறக்கோட்டைக்குப் போகவேண்டாம்’ என்று எழுதினது ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா? இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற பள்ளிவாசலை விட்டுவிட்டு இந்த ஊரில் வேறென்ன பார்க்கப் போறீங்க? 1909இல் கட்டி முடித்த பள்ளி. அந்தக் காலத்தில் கப்பலில் வருகிறவர்களுக்குக் கடலிலிருந்தே தெரியுமாம், எங்க வாப்பா சொல்வார். பார்த்துவிட்டு மருதானைக்கு வந்து புஹாரியில் பிரியாணி, பிறகு இனிப்புக்கு ஒரு வட்டிலப்பம். சனம் கூட என்றால் சாப்பாடு நல்லது என்று அர்த்தம். ஆளில்லாத கடையில் போய்ச் சாப்பிடுகிறவர் நண்டைத்தான் சாப்பிட வேணும்.

பனிப்புயல்:
நானா, பிள்ளைகளோடு வெயிலில் புறக்கோட்டையில் நடந்து பாருங்கள். மூட்டை சுமக்கிற நாட்டாமை பின்னால் வந்து ‘வழி, வழி’ என்று கத்துகிறார், முன்னால் ஓட்டோ நிற்கிறது, ஒதுங்க இடமில்லை. அதற்காகத்தான் எழுதினேன்.

கொட்டாஞ்சேனை மகள்:
வெயில் என்றால் காலை ஏழு மணிக்குப் போகலாமே. செட்டியார் தெருவில் நகைக்கடைகள் திறக்கமுதல் கதிரேசன் கோயில்களைக் கும்பிடலாம். அங்கிருந்து கொச்சிக்கடை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலேயே எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் கால் வைத்துப் பாருங்கள், வெளியே எரிகிற வெயில் உள்ளே இல்லை. பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு சில மாதங்களுக்குள் திருத்தித் திறந்தார்கள், இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். கொஞ்சம் மேலே ஏறினால் 1757இல் திறந்த ஒல்லாந்தர் தேவாலயம், வுல்பெண்டால். இதில் ஒன்றுமே அந்தக் குறிப்பில் இல்லை. வெள்ளவத்தை அண்ணாவின் கோபத்திலும் இல்லை. கொழும்பு 6, அதுதான் வெள்ளவத்தை, தாண்டினால் அவருக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

வெள்ளவத்தையான்:
தங்கச்சி, நான் கோயிலைப் பற்றிப் பேசவில்லை. வடையைப் பற்றிப் பேசுகிறேன். அடுக்கி வைத்த வடை. ஒரு பொருளில் நில்லுங்கள்.

இப்போது நல்ல வடை எங்கே என்று கேட்பீர்கள். யாரும் கேட்கவில்லைதான், நானே சொல்கிறேன். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் சைவக்கடைகள் இருக்கின்றன. கிறீன்லண்ட்ஸ், சரஸ்வதி லொட்ஜ் என்று பழைய பெயர்கள். போய் இருந்ததும் நீங்கள் வாய் திறக்குமுன் ஒரு தட்டு வரும். அதில் உழுந்து வடை, கடலை வடை, மரக்கறி ரோல் எல்லாம் இருக்கும். பக்கத்தில் சம்பல். எடுத்ததைச் சாப்பிடலாம், எடுக்காததை விடலாம். எழும்பும்போது மிச்சத்தை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். பிறகு ஒரு பிளேன்டீ. காலிமுகத்திடலில் கடல்காற்றையும் சேர்த்து விற்கிறார்கள், இங்கே வடையை மட்டும் விற்கிறார்கள்.

ஹட்டன் பையன்:
அண்ணே, ஒரு சந்தேகம். தட்டில வச்சிக் கொண்டு வருகிற அந்த வடையும் முதலே பொரித்து அடுக்கி வைத்ததுதானே?

வெள்ளவத்தையான்:
அது வேறு.

ஹட்டன் பையன்:
எப்படி வேறு?

வெள்ளவத்தையான்:
அங்கே யாரும் சுடச்சுட என்று எழுதவில்லை. அதோடு, ஒரு தட்டில் இருக்கிற வடை எவ்வளவு நேரம் இருக்கும்? அரைமணியில் முடிந்துவிடும். காலிமுகத்திடலில் மத்தியானம் பொரித்தது பின்னேரம் வரை வெயில் காயும்.

மருதானை நானா:
மத்தியானம் பொரித்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? பக்கத்தில நின்று மணி பார்த்தீங்களா? அவரிடம் கண்டீரா என்று கேட்டீங்க, இப்ப நான் கேட்கிறேன்.

வெள்ளவத்தையான்:
அனுபவம்.

மெரினாக்காரன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மெரினாவில் மிளகாய் பஜ்ஜியைக் கண்ணெதிரே மாவில் தோய்த்துப் போடுகிறார்கள். இதையெல்லாம் விவாதிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. நண்பர்கள் சண்டை போட வேண்டாம். மற்றபடி கொத்து பரோட்டாவை இங்கேயே சாப்பிட்டுவிடுகிறேன், அதற்காகக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை.

வெள்ளவத்தையான்:
மெரினாவைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, சார்.

மட்டு மைந்தன்:
கொத்தைப் பற்றிப் பேசுகிறபடியால் வந்தேன். கொத்து மட்டக்களப்புச் சாமான். கிழக்கிலிருந்துதான் கொழும்புக்குப் போனது. அந்தக் குறிப்பை எழுதினவர் ‘கொழும்பு கொத்து’ என்கிறார், சென்னைக்காரர் கொத்து பரோட்டா என்கிறார். சீஸ் போட்டு, பால் ஊற்றி, கரண்டியால் அள்ளிக் குடிக்கிற மாதிரிச் செய்துவிட்டு அதற்குப் பெயர் கொத்தாம். கொள்ளுப்பிட்டியில் நடுச்சாமத்தில் கார் வரிசையாக நிற்குதே, அவர்கள் எல்லாரும் ஒருமுறை மட்டக்களப்புக்கு வந்து சாப்பிடட்டும்.

மருதானை நானா:
தம்பி, கொத்துத் தட்டுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கடை என்று சொல்கிற ஆட்கள் கொழும்பில் இருக்கிறாங்க. கிழக்கு என்றால் கிழக்கு. அதற்காகப் பிலாவூஸ் கடைச் சீஸ் கொத்தைப் பழிக்காதீங்க. பகலில் யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. இரவு ரெண்டு மணிக்கு அதன் ருசி வேறு.

ஹட்டன் பையன்:
நண்டு பற்றி ஒருத்தரும் பேசக் காணோம். அந்த டச்சு ஆஸ்பத்திரி நண்டுக் கடை 2011இல் திறந்தது. கிரிக்கெட் சங்கக்கார, மஹேல பங்கு என்று கேட்டதுமே வெளிநாட்டுக்காரங்க வரிசையில் நிற்கிறாங்க. கட்டடம் அழகுதான், முற்றத்தைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஆனா ஒரு பெரிய நண்டுக்குக் கொடுக்கிற காசில் எங்க அறையில் இருக்கிறவங்க கிழமைக் கணக்கில் சாப்பிடுவாங்க. நான் புறக்கோட்டையில் வேலை செய்கிறேன். மத்தியானம் லஞ்ச் ஷீட்டில் சுற்றின சோற்றுப் பார்சல், பருப்பு, பொல்சம்பல், ஒரு துண்டு மீன். ‘அசல் கொழும்பு’ என்றால் அந்த நேரம் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் அத்தனை பேரும் சாப்பிடுகிறது அதுதான்.

பனிப்புயல்:
தம்பி, நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் சோற்றுப் பார்சலா சாப்பிடுவான்?

ஹட்டன் பையன்:
சாப்பிட வேணாம் அண்ணே. அசல் என்று எழுத வேணாம்.

கொட்டாஞ்சேனை மகள்:
அப்படிப் பார்த்தால் லம்பிரைஸ் யாருடையது? துன்முல்லைப் பக்கம் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் சங்கத்தில் வாழையிலையில் சுற்றிப் போறணையில் சுட்டுக் கொடுக்கிறார்களே, அதைவிடக் கொழும்பான சாப்பாடு எது? சோறு, குழம்பு, கத்தரிக்காய், இறைச்சி உருண்டை எல்லாம் ஒரே பொட்டலத்தில். இலையைப் பிரிக்கும்போது வருகிற வாசம் போதும்.

வெள்ளவத்தையான்:
லம்பிரைஸ் பொட்டலத்தைக் கட்டும்போதும் யாரும் சுடச்சுட என்று சொல்வதில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

மருதானை நானா:
யா அல்லாஹ். இந்த மனுசன் வடையை விடமாட்டார்.

நெறியாளர்:
தனிப்பட்ட கேலியைத் தவிர்க்கவும். தலைப்பு: கொழும்பில் எங்கே சாப்பிடலாம், எங்கே சுற்றலாம். குடிப்பதைப் பற்றி யாருமே இன்னும் எழுதவில்லை.

பனிப்புயல்:
குடிக்க என்றால் காலிமுக ஹோட்டல் விறாந்தை. 1864இலிருந்து இருக்கிற ஹோட்டல். கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு லயன் பியர். என் குறிப்பில் இது இருந்தது, யாரும் வாசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனை மகள்:
போயா நாளில் வந்தால் எங்கேயும் மதுபானம் விற்கமாட்டார்கள், அது உங்கள் குறிப்பில் இருந்ததா? மாதத்துக்கு ஒரு பௌர்ணமி வரும். உங்கள் சிநேகிதர்கள் அன்றைக்கு விறாந்தையில் இருந்து இஞ்சிபியர்ச் சோடா குடிக்கட்டும். அதுவும் நல்லதுதான்.

வெள்ளவத்தையான்:
நான் குடிப்பதில்லை. இளநீரும் பிளேன்டீயும் போதும். ஆனால் காலிமுகத்திடலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அந்த நடைபாதையை 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னால் வருகிற ஆளுநர்களுக்குக் கல்லில் எழுதி வைத்தார். கல் இன்னும் அங்கே இருக்கிறது. வடைக்காகப் போகிற யாராவது அதை வாசித்திருக்கிறார்களா? 2022இல் அரசாங்கத்துக்கு எதிராக அவ்வளவு சனமும் அந்தத் திடலில் கூடாரம் அடித்து இருந்தபோது நானும் போனேன். அப்போதும் பார்த்தேன். வடை அடுக்கித்தான் இருந்தது.

மருதானை நானா:
போராட்டத்துக்குப் போயும் வடையைத்தான் பார்த்தீங்களா? சரி, இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் முடியாது. சனிக்கிழமை பின்னேரம் அஞ்சரைக்கு எல்லாரும் திடலுக்கு வாங்க. நேரிலேயே பார்ப்போம். வடைக் காசு என்னுடையது.

வெள்ளவத்தையான்:
சனிக்கிழமை கணக்கில் வராது. அன்றைக்குச் சனம் கூட. பொரிக்கப் பொரிக்க விற்றுவிடும்.

பனிப்புயல்:
பார்த்தீர்களா! பொரிக்கப் பொரிக்க விற்கும் என்று அவரே எழுதிவிட்டார்.

வெள்ளவத்தையான்:
சனிக்கிழமை என்று எழுதினேன். கண்ணைத் திறந்து வாசியும். உமது குறிப்பில் சனிக்கிழமை என்று எங்கே இருக்கிறது? செவ்வாய்க்கிழமை வாரும், காட்டுகிறேன்.

கொட்டாஞ்சேனை மகள்:
செவ்வாய்க்கிழமை நான் அந்தோனியார் கோயிலுக்குப் போக வேண்டும்.

ஹட்டன் பையன்:
எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. வெள்ளவத்தை அண்ணே நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் நேரே திடலில் இறங்கலாம். நானாவின் கணக்கில் எனக்கு ரெண்டு வடை.

வெள்ளவத்தையான்:
பஸ்ஸில் யார் போவது? காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம் போய்விடும். ரெயிலில் வாருங்கள். கொழும்புக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான், கரையோர ரெயில். வலது பக்க ஜன்னலில் இருந்தால் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கடல் கூடவே வரும். அலை பெரிதாக அடிக்கிற நாளில் தண்ணீர் முகத்தில் தெறிக்கும்.

கொட்டாஞ்சேனை மகள்:
அண்ணா, வெள்ளவத்தையிலிருந்து திடலுக்கு வரும்போது கடல் இடது பக்கம்.

வெள்ளவத்தையான்:
நான் கோட்டையிலிருந்து போகிறவர்களுக்குச் சொன்னேன்.

மருதானை நானா:
கோட்டையிலிருந்து போனால் திடலை விட்டு விலகித்தானே போவீங்க?

வெள்ளவத்தையான்:
கடல் வலது பக்கம். அதில் மாற்றமில்லை.