சாட்டர்னைன் என்றால் நம்ம சனிதான்

வேப்பம்பூ:
கல்லூரி நாட்களில் ஒரு பழைய ஆங்கில நாவலில் ‘சாட்டர்னைன்’ முகம் என்று ஒருத்தரைப் பற்றி வந்தது. அகராதியைப் புரட்டினால் வாட்டமான, சிரிக்காத, யாரோடும் ஒட்டாத சுபாவம் என்று பொருள். அதற்குக் கீழே, சனிக் கிரகத்தின் (ஆங்கிலத்தில் சாட்டர்ன்) ஆதிக்கத்தில் பிறந்தவர் என்பதிலிருந்து வந்த சொல் என்றும் போட்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் காபி டம்ளரைத் தொடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் என் அப்பாயி, “ஏண்டி, சனி புடிச்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றுதான் கேட்பார். பள்ளிக்கூடமே போகாத அவர் சொன்னதும் அந்தத் தடிமனான அகராதி சொன்னதும் ஒன்றே!

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1781இல் யுரேனஸைக் கண்டுபிடிக்கும் வரை, மனிதனுக்குத் தெரிந்த கிரகங்களில் கடைசியில் இருந்தது சனிதான், ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம், அதனால்தான் ராசிக்கு இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை. நம் ஜோதிடத்தில் அவருக்கு மந்தன் என்றே பெயர் உண்டு. ஐரோப்பிய ஜோதிடர்களோ தூரத்தையும் மெதுவான நடையையும் வைத்து, குளிர்ந்த வறண்ட கிரகம் என்று சொல்லி, சோகத்துக்குக் காரணமாக அவர்கள் நம்பிய கரும்பித்தத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். வியாழனுக்கு அதிர்ஷ்டம், கலகலப்பானவர்களைச் சொல்லும் ‘ஜோவியல்’ அவருடைய ரோமானியப் பெயரான ஜோவிலிருந்து வந்த சொல். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது எதுவென்றால், ரோமானியர்களின் சாட்டர்ன் சாமி விதைப்புக்கானவர், டிசம்பரில் அவருக்கு எடுத்த திருவிழாவில் எஜமானர்களே அடிமைகளுக்குப் பரிமாறுவார்களாம். அப்பேர்ப்பட்டவர் பெயரா உம்மணாமூஞ்சிக்கு!

கரிசல்காரன்:
அக்கா, எனக்கு இந்தச் சொல் வந்த வழி வேறு. என் மாமா பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். கலகலப்பான மனுஷன், போகப்போக எரிந்து விழுவார், அப்புறம் பேச்சே நின்றுபோனது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சுருண்டு கிடப்பார். வீட்டில் எல்லோரும் ஏழரை என்று நம்பி எள் விளக்குப் போட்டோம். கடைசியில் ஒரு டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், பல்லை ஒட்டி ஈறில் நீலமாக ஒரு கோடு. ரத்தப் பரிசோதனையில் ஈயம். பிற்பாடு படித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது: ரசவாதிகள் பொன்னைச் சூரியனுக்கும் ஈயத்தைச் சனிக்கும் கொடுத்திருக்கிறார்கள், ஈய நஞ்சுக்கு மருத்துவத்தில் சாட்டர்னிசம் என்று பழைய பெயரே இருக்கிறது. பட்டறை வேலை பார்க்கிறவர் வீட்டில் யாராவது இப்படி ஒடுங்கிப் போனால் கோயிலுக்கும் போங்கள், ரத்தமும் எடுத்துப் பாருங்கள்.

தெற்குவாசல்:
சங்கப் பாட்டில் சனிக்கு மைம்மீன் என்று பெயர், கறுத்த விண்மீன். அதை மனதில் வைத்துக்கொண்டு போன வருஷம் நண்பனின் டெலஸ்கோப்பில் பார்த்தேன், வளையத்தோடு வெளிர்மஞ்சளாக, குண்டூசித் தலை அளவுக்கு, அவ்வளவு துல்லியம். அம்மாவையும் மாடிக்குக் கூப்பிட்டேன். சனீஸ்வரன் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணை வைத்தார்.