கலைச்சொல் உதவி: ஐரிஸ் விதைக்குக் குளிர் காட்டுவதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் தோட்டக் குழுவுக்காக, ஐரிஸ் பூவை வீட்டிலேயே கலப்பினம் செய்வது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்து இன்னொரு பூவின் சூலகமுடியில் தடவுவது வரைக்கும் வண்டி ஓடியது, 'கோல்ட் ஸ்ட்ராட்டிஃபிகேஷன்' வந்ததும் நின்றுவிட்டது. விதையை ஈர மணலில் பொதிந்து, ஏறக்குறைய 4 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வைக்கும் வேலை. 'குளிர் அடுக்காக்கம்' என்று போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா படித்துவிட்டு, "ஐஸ்பெட்டியை அடுக்கி வைக்கச் சொல்றீங்களா?" என்கிறார்.
— ஈசூன்

தம்பி, அந்த 'அடுக்கு' ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தூசி. பெட்டிக்குள் ஒரு வரிசை மணல், ஒரு வரிசை விதை என்று பரப்பிய காலத்துப் பெயர். இப்போது எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில்தானே கிடக்கிறது, அடுக்கு எங்கே? நடப்பதைப் பாருங்கள். முளைப்பைத் தடுக்கும் பொருள் ஐரிஸ் விதையிலேயே இருக்கிறது. இலையுதிர் காலத்திலேயே முளைத்து, பின்னால் வரும் உறைபனியில் கருகிவிடக் கூடாதே. குளிர்காலம் கழிந்தது என்று நாம் அதை நம்பவைக்கிறோம். நம்மிடம் பெரும்பொழுது ஆறு இருக்கிறது. தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கொடுத்தது கூதிர் என்னும் குளிர்பருவம், நெடுநல்வாடையில் கூதிர்ப் பாசறை உண்டு, பேச்சில் கூதல் இன்னும் இருக்கிறது. 'கூ' என்று நடுங்குகிற ஒலிதான் இதற்கெல்லாம் வேர், குளிருக்கும் அதுவே தாய் என்பது என் கட்சி. ஆகவே 'கூதிர்ப்பு'.
— பிடோக்

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், கூதிர்ப்பு என்று எழுதினால் என் உயர்நிலை இரண்டு மாணவர்கள் அதை 'உதிர்ப்பு' என்பதன் எழுத்துப்பிழை என்று வட்டம் போட்டுவிடுவார்கள். விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்துவதற்குத் தமிழ்நாட்டு உழவர்களிடம் 'விதைநேர்த்தி' ஏற்கெனவே புழங்குகிறது. 'குளிர்நேர்த்தி' போதும்.
— அங் மோ கியோ

நேர்த்தி சரி அக்கா, ஆனா ஈரம் எங்கே போச்சு? இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. காய்ந்த விதையை உறையோடு ஐஸ்பெட்டியில் போட்டால் அது தூங்கிக்கொண்டேதான் இருக்கும், அது வெறும் சேமிப்பு. நீரை உறிஞ்சி உப்பிய விதைக்குத்தான் குளிர் உறைக்கும். 'ஈரக்குளிர் நேர்த்தி' என்று போடுங்கள்.

இன்னொன்று, தாடி ஐரிஸ் (இதழில் தாடி போல முடி இருக்கும் வகை) நம்ம சூட்டில் முளைத்தாலும் பூக்காது, செடிக்கும் குளிர்காலம் வேண்டும் (அதற்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கும், 'குளிரூட்டல்' வேண்டாம், அது ஏர்கான்காரரிடம் போய்விட்டது). வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் தொட்டியில் வைக்க ஐரிஸ் டொமெஸ்டிகாதான் தோது. ஆரஞ்சுப் பூவில் சிவப்புப் புள்ளி, 2005 வரை பெலம்காண்டா என்று பெயர், சீன மருந்துக் கடையில் கிழங்கை ஷெகான் என்பார்கள். பூ ஒரு நாள்தான் நிற்கும், காலையிலேயே மகரந்தம் தடவிவிடுங்கள்.
— ஜூரோங்

விதையை விடுங்கள், 'ஐரிஸ்' என்றே எழுதப் போகிறோமா? கிரேக்கத்தில் அது வானவில் தேவதை. 'வானவில்பூ' எவ்வளவு அழகு! கண்ணில் இருக்கும் ஐரிஸுக்கு மட்டும் தமிழில் பெயர் வைத்தோமே?
— தெம்பனிஸ்

வானவில்பூ என்று கேட்டு யாரிடம் விதை வாங்குவது? ஐரிஸ் ஐரிஸாகவே இருக்கட்டும். 'ஈரக்குளிர் நேர்த்தி' என்றே போட்டுவிட்டேன், அது முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. நேற்றிலிருந்து வேறு யாரும் எதிர்க்கவில்லை, அதையே பெரும்பான்மையாக எடுத்துக்கொள்கிறேன்.
— ஈசூன்

எதிர்க்கவில்லை என்று யார் சொன்னது, பேரப்பிள்ளையோடு வெளியே போயிருந்தேன். ஈரமும் குளிரும் சேர்ந்து வருகிற பொழுதுதான் கூதிர். ஒரு சொல்லில் முடிவதை மூன்றாக இழுத்துவிட்டீர்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம் தம்பி, '4 டிகிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, பாகைக்கு என்ன குறை?
— பிடோக்